தீவுக்குப் போன நாலு சட்டை

தாராவியில் வளர்ந்த எனக்குப் பயணம் என்றால் திருநெல்வேலிக்குப் போகிற ரயில்தான். பெட்டி குறைந்தால், 'பம்பாயில் பிழைப்பு சரியில்லை போல' என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பயத்திலேயே மூட்டை கட்டிப் பழகியவனை, ஆளே இல்லாத தீவில் கூடாரம் போட்டுத் தங்கக் கூப்பிட்டால் என்ன ஆகும்?

போன வருஷம் கொங்கண் கரைப் பக்கம் ஒரு தீவுக்கு மனைவியும் அவள் தம்பியும் என்னை முதல்முறையாகக் கூட்டிப் போனார்கள். நான் குக்கர், தேங்காய்த் துருவி, மடக்குக் கட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டேன். படகுக்காரர் பார்த்துவிட்டு, "க்யா சாப், ஷாதி ஹை க்யா?" என்று, கல்யாண வீட்டுக்கா போகிறோம் எனக் கேட்டார். என் செழிப்பைக் கண்டு பொறாமைப்பட அங்கே நண்டுகள்தான் இருந்தன.

இந்த வருஷம் மச்சினன் சட்டம் போட்டான். "அத்தான், ஒரே பை. திலக் நகர் ஸ்டேஷன் படியில நிக்காம ஏறணும். நின்னியன்னா, அப்படியே வீட்டுக்குத் திரும்பிருங்க."

மனைவியும் அவன் கட்சி. "ஆமா, நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வாரோம்."

என்னை விட்டுவிட்டுப் போவதா? தீவில் அவள் சிரித்த மாதிரி செம்பூர் வீட்டில் சிரித்துப் பார்த்ததில்லை. சிரித்தது என் கட்டிலைப் பார்த்துத்தான், இருந்தாலும்.

குக்கரை விட்டேன், கட்டிலை விட்டேன். துணியை விடத்தான் மனசு வரவில்லை. நாலு சட்டையையும் இரண்டு பேண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன். பை பஞ்சாகிவிட்டது. ஸ்டேஷன் படியில் கையை வீசிக்கொண்டு ஏறினேன். வேர்வைதான் அருவி மாதிரி கொட்டியது.

"என்னத்தான், ஒரே வாரத்துல குண்டாயிட்டிய?"

"உங்க அக்கா சமையல்டே."

அக்காக்காரி என் காலரை விலக்கி உள்ளே பார்த்தாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

தீவை நெருங்கியபோது கடல் உள்வாங்கியிருந்தது. படகு தள்ளியே நின்றுவிட்டது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு தொடையளவுத் தண்ணீரில் இறங்கினோம். பாதி வழியில் ஒரு அலை வந்து என்னைப் பக்குவமாக உட்கார வைத்தது. பை நனையவில்லை. அதில் ஒரு டார்ச்சும் பல் தேய்க்கிற பிரஷும்தான். மற்றதெல்லாம் என் உடம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

குளிர்காற்றில் பல் தந்தியடித்தது. மனைவி தன்னிடமிருந்த ஒரே மாற்றுத் துணியை நீட்டினாள். பூப்போட்ட நைட்டி.

"போட்டுக்கிடுங்க. காய்ச்சல் வந்தா யாரு பாக்க?"

நைட்டியோடு நான் விறகு பொறுக்கியதையும் நாலு சட்டை காய்ந்ததையும் பார்த்து மச்சினன் மணலில் உருண்டான். "சட்டத்தை ஏமாத்திட்டிய அத்தான்! அடுத்த வருஷம் நீங்க கிடையாது!"

"இவுக வராட்டி நானும் வரல. நீ தனியாப் போய்க் கூடாரம் கட்டு" என்றாள் அவள்.

நான் நெஞ்சை நிமிர்த்தி இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"அந்த ஓரத்தைத் தூக்கிப் பிடிச்சு நடங்க. மண்ணு படுது."