அக்காவின் சிறுகோள்

எங்கள் பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சியில் அக்கா தோற்றுப்போனதற்குக் காரணம் நான். இதை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அக்கா உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். கண்காட்சியில் முதலாவதாக வருகிறவர்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா கொழும்பைக் கண்டதில்லை. அம்மா அவளுக்குப் புதுச் சீருடையே தைத்து வைத்துவிட்டா. சீனன்குடாவில் எண்ணெய்ச் சேமிப்புக் குதத்தில் வேலை செய்த அப்பாவோ, கொழும்பில் எங்கெங்கே சாப்பிடலாம் என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அக்கா எடுத்துக்கொண்ட விசயம் சிறுகோள். கடதாசிக் கூழில் கோணல்மாணலாக ஒரு கல் செய்து, பெயின்ற் பூசி, தங்கூசி என்கிற நைலோன் நூலில் கட்டினாள். பழைய மீன்தொட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் தொங்கவிட்டாள். கடற்காற்று புகாமல் இருக்கத் தொட்டியின் வாயைப் பொலித்தீனால் மூடி ஒட்டினாள். முன்னால் ஒரு மேசை விளக்கு. அதுதான் சூரியன். கீழே ஓர் அட்டையில், ‘வெளிச்சம் இந்தக் கல்லைத் தள்ளுகிறது. தெரிகிறதா?’ என்று எழுதியிருந்தாள்.

தெரியவில்லை. கல் அப்படியே தொங்கியது.

“அக்கா, இது ஏன் சுத்தேல்ல?”

“சுத்தாது. வெளிச்சம் தள்ளுறது அவ்வளவு மெல்லமா. ஆனா வானத்தில காத்து இல்லை, மறிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. வெய்யில் பட்டுச் சூடாகிற கல்லு அந்தச் சூட்டைத் திருப்பி வெளியில விடும், விடேக்க அதுவும் கல்லைத் தள்ளும். கல்லு கோணலா இருக்கிறதால ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாத் தள்ளுப்படும். லட்சக்கணக்கான வருசம் போக, அது சுத்துற வேகமே மாறிப்போகும். சிலது வேகம் கூடிக் கூடி ரெண்டா உடைஞ்சும் போகும்.”

வருகிறவர்கள் எல்லோருக்கும் இதையே சொன்னாள். அவர்கள் கல்லைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்து மேசைக்குப் போனார்கள். அங்கே ஓர் எரிமலை இருந்தது. வினாகிரி ஊற்ற ஊற்றச் சிவப்பு நுரை பொங்கி மேசை விரிப்பெல்லாம் வழிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மாமி எங்கள் தொட்டியைப் பார்த்து, “பாவம், வேலை செய்யேல்லப் போல” என்று சொல்லிப்போனா. அதைக் கேட்டு அக்கா சிரித்தாள். எனக்கோ அழுகை வந்தது.

பத்து மணிக்குப் பாடசாலை அதிபர் கூப்பிட்டு அக்கா போனாள். “ஒருத்தரையும் தொட விடாத” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். வேறு ஒருத்தரையும் நான் தொட விடவில்லை. பின்பக்கம் போய்ப் பொலித்தீனின் ஒரு மூலையைக் கழற்றி, கையை விட்டுக் கல்லைப் பிடித்து முறுக்கினேன். நாற்பது முறுக்கு வரை எண்ணினேன். விட்டதும் கல் சுழன்றது. என்ன அழகாகச் சுழன்றது!

எரிமலையை விட்டுச் சனம் இந்தப் பக்கம் வந்தது. அவர்களோடு நடுவரும் வந்தார். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் அவர். ஓடி வந்த அக்கா மூச்சு வாங்க மேசைக்குப் பின்னால் நின்றாள்.

“லைற் பட்டே இப்பிடிச் சுத்துது? கெட்டிக்காரியம்மா நீங்கள்!” என்றார் நடுவர். அவருடைய பேனை தாளில் ஓடியது.

அக்கா கல்லைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தாள்.

“இல்லை சேர். இது லைற்றால சுத்தேல்ல. நூல் முறுக்கிக் கிடக்கு.”

அவள் சொல்லி முடிக்கவும் கல் நின்று, மறுபக்கமாகச் சுழலத் தொடங்கவும் சரியாக இருந்தது. யாரோ சிரித்தார்கள்.

“ஆர் முறுக்கினது?”

“நான்தான் சேர். ஆக்கள் நிண்டு பாக்கவேணும் எண்டு முறுக்கினனான்.”

பேனை நின்றது. “அப்ப ஏன் இப்ப சொல்லுறீங்கள்? பேசாம இருந்திருக்கலாமே.”

“வெளிச்சம் இப்பிடித்தான் தள்ளும் எண்டு நீங்கள் நம்பிக்கொண்டு போகக் கூடாது சேர்.”

அவர் எழுதியதை வெட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நடந்தார். கொழும்புக்கு எரிமலைதான் போனது. அக்கா கொழும்பைக் கண்டது மூன்று வருடம் கழித்து, கம்பஸ் படிப்புக்கு எடுபட்டபோதுதான்.

அன்று பின்னேரம் நாங்கள் கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். கச்சான் கடலை விற்கிறவரைச் சுற்றி, ஊருக்குள் திரிகிற மான்கள் நின்றன. அக்கா என்னைத் தூக்கி மதிலில் இருத்தினாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைலேஞ்சியை நனைத்தாள். என் வலது கையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். கல்லில் பூசிய, சரியாகக் காயாத சாம்பல் நிறப் பெயின்ற் நகங்களுக்குள்ளும் ஏறியிருந்தது.

“அம்மா கண்டா கேப்பா” என்றாள்.

காலையில் தானும் ஒரு தரம் நூலை முறுக்கியிருப்பாள், அதை நினைத்துத்தான் நடுவரிடம் அப்படிச் சொல்லிவிட்டாள், நான் செய்தது அவளுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பிடிபடாமல் தப்பிய சந்தோசத்தில் ஐஸ்பழம் வேண்டும் என்று கேட்டேன். வாங்கித் தந்தாள்.