கவுன்சிலருக்கு நான் பிடித்த குடை

தாமரைத் தூண் வைத்த மணவறையை இந்த டொரொன்டோவில் முதன்முதலில் செய்து நிறுத்தியவன் நான். அதற்கு முன்னர் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட மண்டபங்களில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒரு சேலையைத் தொங்கவிட்டுத்தான் தாலி கட்டினார்கள். உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பல்கனியில் குளிரில் விரல் விறைக்க விறைக்க இருந்து பலகையில் அன்னப்பட்சி வெட்டினேன். கடன் கேட்டுப் போனேன், வங்கிக்காரன் சிரித்து அனுப்பினான். சொந்தக்காரர் சிரித்ததோடு அனுப்பவும் இல்லை, இருத்தி வைத்துப் புத்தி சொன்னார்கள். எனக்குப் படிப்புக் கிடையாது. ஆங்கிலத்தில் கையெழுத்து வைப்பேன், அவ்வளவுதான். அப்படியிருந்தும் ஒரு வான், பிறகு ஒரு லொறி, பிறகு சாமான் வைக்க ஒரு கிடங்கு, பிறகு வாசலில் என் பெயர் எழுதிய மண்டபம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பினேன். மிசிசாகாவிலிருந்து பிக்கரிங் வரைக்கும் எந்த வீட்டிலும் கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் நிற்பது என் கைவேலை. இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த வசந்தத்தில் எங்கள் சனம் தெருவில் இறங்கி அழுதபோது பேச வந்தவர்கள் ஏறி நின்ற மேடையும் நான் போட்டதுதான். அந்த மேடையில் ஏறிய ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிற்காலத்தில் அவர் சிறைக்குப் போனார்.

அவர் அமெரிக்கர். நயாகரா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு நகரத்தின் நகரசபை உறுப்பினர். நாங்கள் எல்லோரும் அவரைக் கவுன்சிலர் என்றே சொன்னோம். அந்த நகரத்தில் கடை வைத்திருந்த எங்கள் ஆள் ஒருவரின் மகனுக்குக் கல்யாணம். லொறியில் மணவறையை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போயிருந்தேன். எல்லாம் நிறுத்தி முடித்து ஐயர் ஓமத்துக்கு விறகு அடுக்குகிற நேரத்தில் மண்டபக்காரன் ஓடிவந்தான். கட்டடத்துக்குள் நெருப்பு மூட்டக்கூடாதாம், தீயணைப்புப் பகுதி விடாதாம். ஐயர் என்னைப் பார்க்கிறார், நான் மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்க்கிறேன், முகூர்த்தம் போகிறது. விருந்தினராக வந்து முன்வரிசையில் மோர் குடித்துக்கொண்டிருந்த பெரிய உடம்புக்காரர் எழும்பி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். தொலைபேசியை எடுத்து யாரோ ஒருவரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிரித்தார். பிறகு சுவரில் கொழுவியிருந்த தீயணைக்கும் சிவப்பு உருளையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணவறைக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றார். தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து முடியும்வரை அந்த மனிதர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பொம்பிளைப் பகுதிக் கிழவி ஒருத்தி, "உவர் ஆர், மாப்பிள்ளைத் தோழனோ?" என்று கேட்டாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. என்ன பகிடி என்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

அன்றைக்கே எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று. காரியம் நடத்தத் தெரிந்த மனிதன். ஒரு சொல்லில் வாசல் திறப்பவன். எங்கள் பார்வையில் பதவியில் இருப்பவன் நல்லவனா என்பதற்கு வேறு அளவுகோல் கிடையாது. கேட்டதைச் செய்து தந்தால் நல்லவன். அந்த அளவுகோலை வைத்துத்தான் நானும் அளந்தேன். அதே குணத்தை இன்னோர் இடத்தில் சட்டம் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பது பிறகுதான் விளங்கியது.

பிறகு அந்த வசந்தம் வந்தது. என் அக்கா வன்னியில் இருந்தா. தை மாதத்துக்குப் பிறகு அவவிடமிருந்து சத்தமில்லை. டொரொன்டோ முழுக்க எங்கள் சனம் தெருவில் நின்றது. கல்யாணங்களை எல்லோரும் ஒத்திவைத்துவிட்டார்கள், என் கிடங்கில் சாமான் சும்மா கிடந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர் வந்து கூட்டத்துக்கு மேடை வேண்டும் என்றார். மணமக்கள் இருக்கிற அதே பலகைகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். தூண்களைக் கொண்டுபோகவில்லை. சிவப்புக் கம்பளத்தைப் புறம் மாற்றி விரித்தேன், சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்து ஏறினார்கள். உலகம் பார்த்துக்கொண்டிராது என்றார்கள், இறங்கினார்கள், காரில் ஏறினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சொல்லில் வாசல் திறக்கிற ஒருத்தனை எனக்குத் தெரியுமே என்று பாலம் தாண்டிப் போய்க் கவுன்சிலரை என் வானில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அங்கே உன்னுடைய ஆட்கள் யாரும் இருக்கிறார்களா? அக்கா என்றேன். அதுதான் அவவின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. ஒரு வெள்ளைக்காரர் வாயில் அக்கா என்ற சொல் வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று மழை. என் வானில் கிடந்தது மாப்பிள்ளை அழைப்புக்குப் பிடிக்கிற சரிகைக் குடை மட்டும்தான், குஞ்சம் தொங்குகிற குடை. அதை விரித்து அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். செத்த வீட்டுக்குக் கல்யாணக் குடையோ என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. மனிதன் நனையக்கூடாது, வேறு என்ன? தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அமெரிக்காவே எங்களோட நிக்குது!" என்று முழங்கினார். சனம் கைதட்டியது, அழுதது. கப்பல் வரப்போகிறது, அமெரிக்கன் வந்து வன்னியில் அகப்பட்ட ஆட்களை ஏற்றப்போகிறான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கவுன்சிலர் குனிந்து, அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. ஒலிவாங்கியை வாங்கி, தன்னுடைய வேலை தெருக்குழி அடைப்பதும் பனி வழிப்பதும்தான் என்றார். வாஷிங்டனில் தன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது, உங்களுக்காக என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்தில் நிற்க வந்தேன் என்றார். ஒரு பிள்ளை அதைத் தமிழில் சொன்னபோது கைதட்டு நின்றது. இறங்கி வந்தவரின் கையைப் பிடித்து ஒரு தாய், "தம்பி, கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டா. அவ்வளவும் கேட்ட பிறகும் கேட்டா. அவர் அந்த ஈரத் தெருவில் அவவுக்குப் பக்கத்தில் கீழே குந்தி இருந்தார். பின்னேரம் வரைக்கும் இருந்தார். வந்த பெரிய ஆட்களில் நிலத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

தலைவருக்குக் கடுங்கோபம். "அண்ணை, ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கட சனத்தின்ர வாயில மண்ணைப் போட்டிட்டியள்," என்றார். "பொய் சொல்லத் தெரியாதவரை ஏன் கூட்டி வந்தனீங்கள்?"

யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று நான் கிடங்கில் தனியே பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கவுன்சிலர். "அக்கா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தகவலும் இல்லை என்றேன். அதற்குப் பிறகும் இடைக்கிடை எடுப்பார், அதே ஒரு சொல்தான். முதலில் வீட்டில் எல்லோரும் அக்காவைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மனைவியும் நானும் மட்டும் பேசினோம். பிள்ளைகளுக்கு அவவைப் படத்தில்தான் தெரியும். பிறகு மனைவியும் போய்விட்டாள். அக்கா என்று என்னிடம் கேட்பதற்கு இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த அமெரிக்கர் ஒருவர்தான்.

சில வருடங்கள் கழித்து அவரைப் பிடித்தார்கள். நகரசபைக் கட்டட வேலைகளை, ஒப்பந்தம் எடுக்கிற கொந்தராத்துக்காரன் ஒருவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தாராம். அவன் இவருடைய வீட்டுக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தானாம். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. செய்தார். களவு களவுதான். தண்டனை சொல்லுகிற நாளில் அவருக்காக யாராவது வந்திருப்பது நல்லது என்று அவருடைய வழக்கறிஞர் எங்கள் சங்கத்துக்கும் சொல்லியிருந்தார். ஒருத்தரும் அசையவில்லை. நான் கோட் சூட் போட்டுக்கொண்டு தனியே பாலம் தாண்டிப் போனேன். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசுகிறேன் என்றேன். வழக்கறிஞர் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, வந்ததே போதும், சும்மா இருங்கள் என்று பின்வரிசை வாங்கைக் காட்டினார்.

இடைவேளையில் அறைக்கு வெளியே, நடைபாதை ஓடையில் கிடந்த வாங்கில் இருந்தேன். கவுன்சிலர் வெளியே வந்தார். உடம்பு வற்றியிருந்தது. அவருடைய நகரத்து ஆட்கள் சிலர் நின்றார்கள். அவர் வருவதைக் கண்டதும் ஆளாளுக்குத் தொலைபேசியைப் பார்த்தார்கள். அவர் நேரே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எத்தனை வருடம் என்று சொல்லப்போகிறார்கள். அவர் என் முழங்காலில் கை வைத்து, "அக்கா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். வருத்தப்படுகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போனார்.

அன்று அந்த வாங்கில் இருந்து நான் யோசித்ததை இன்றும் யோசிக்கிறேன். ஒரு கூரைக்காக ஒரு மனிதனை நிறுத்தி, சாட்சி அழைத்து, படம் காட்டி, ஜூரி வைத்துக் கேட்கிறார்கள். அது சரிதான். அந்த நாடு அப்படிச் செய்வதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அக்காவின் தலைக்கு மேலே கூரையே இல்லாமல் செய்தவர்களை எந்த மண்டபத்தில், எந்த வாங்கில் இருத்திக் கேட்டார்கள்? நான் பார்த்த ஒரே நீதிமன்றத்தில், குற்றவாளி என்று நின்றவர்தான் அவவைப் பற்றிக் கேட்டார்.

இப்போது நான் பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் மகனும் மருமகளும் ரயிலுக்கு ஓடிவிடுவார்கள். மண்டபத்தை விற்றாயிற்று, வாசலில் வேறு பெயர். கவுன்சிலர் விடுதலையாகியிருப்பார். அவருடைய பழைய இலக்கத்துக்கு எடுத்தால் யாரோ ஒரு பெண் பிழையான இலக்கம் என்று மரியாதையாகச் சொல்கிறாள். இரண்டு தரம் எடுத்த பிறகு விட்டுவிட்டேன்.

போன கிழமை சங்கத்துக்குப் போனேன். அந்த வசந்தத்தைப் பற்றிப் பெரிய நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள், அச்சுக்குப் போகப்போகிறது. அன்று தெருவில் நின்றவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தேநீர் ஊற்றியவரின் படம்கூட இருக்கிறது. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் இல்லை.

"தம்பி, மழைக்குள்ள மேடையில நிண்ட படம் எங்க?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"அதை எடுத்தாச்சு அண்ணை. சிறைக்குப் போன ஆளை மலரில போட்டால் நாளைக்கு எல்லாரும் எங்களைத்தானே பழிப்பாங்கள்?"

"அவரை வெட்டு. என்னை ஏன் வெட்டினனீ?"

"உங்கட கை அவருக்கு மேல நிக்குதே. வேற படத்தில நீங்கள் தனிய இல்லை. எல்லாத்திலயும் அந்தாளோடதான் நிண்டிருக்கிறியள்." பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "சரி, கோவிக்காதேங்கோ. கணினியில ஆளை மட்டும் அழிக்கலாம். இருங்கோ, காட்டுறன்."

அழித்துக் காட்டினார். நல்ல சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. கவுன்சிலர் நின்ற இடத்தில் வெறும் மழை. அதற்குப் பக்கத்தில் நான், தலை நனைந்து, கண்ணாடியில் தண்ணீர் வழிய, சரிகைக் குடையை எட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். குடைக்குக் கீழே ஒருத்தரும் இல்லை.

"வடிவாத்தானே இருக்கு?" என்றார் தலைவர்.

"அப்ப நான் ஆருக்குக் குடை பிடிக்கிறன்?" என்று கேட்டேன்.

ஆகவே மலர் போடுகிறவர்களுக்கு இதை எழுத்திலேயே சொல்லிவைக்கிறேன். அழிக்காத படத்தைப் போடுங்கள். கீழே என் முழுப்பெயரைப் போடுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். மேடை போட்டவர் இவர், பலகை இவருடையது, கம்பளம் இவருடையது, அக்கரையிலிருந்து ஆளைக் கூட்டி வந்ததும் இவரே என்று எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவர் பிற்பாடு குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறை சென்றவர் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள், அவரும் மறுக்க மாட்டார். அதற்குக் கீழே, அந்த மேடையில் பொய் சொல்லாதவர் அவர் ஒருவரே என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்குச் சாட்சி வேண்டுமென்றால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.