ஆளில்லாத கூரைச்சேலை

இது நடந்தது. ஆனால் என் நினைவில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன். மூன்று வருடமாக யாரிடமும் பேசாமல் இதையே மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். புரட்டப் புரட்ட ஓரங்கள் தேய்ந்துபோகின்றன. நேரங்களில் மட்டும் சந்தேகமில்லை. அவை கெமராவில் பதிந்திருக்கின்றன.

ஹட்டனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. பெரிய லைட்டுகள் வாங்க வசதியில்லை. கல்யாண உடுப்புகளை அழகாகக் காட்ட மலிவான வித்தைகள் சில வைத்திருந்தேன். டிவிப் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். லென்ஸுக்குக் கீழே கைபேசியைச் சாய்த்தால், அதன் கண்ணாடியில் உருவம் தண்ணீரில் தெரிவதுபோல் தெரியும். எல்லாருக்கும் பிடித்தது, ஆளில்லாத சேலை. மீன் பிடிக்கிற நைலோன் நூலில் சேலையைத் தொங்கவிடுவேன். கொசுவம் வைத்து, உள்ளே ஊசி குத்தி, முந்தானையைத் தோளில் விழுவதுபோல் இழுத்துக் கட்டுவேன். படத்தில் நூல் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

என் தங்கச்சி நிலக்ஷிக்குக் கல்யாணம் கூடியது. தாலி ஏறும்போது பெண் உடுத்துகிற கூரைச்சேலை மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கும். மணவறையில்தான் பெண் கைக்கு வரும். “படத்துலயாவது காட்டுங்கண்ணே” என்று அவள் கெஞ்சினாள். அதற்காகத்தான் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கொத்மலைப் பக்கம் மாப்பிள்ளை வீடு இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளை ஜீவராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். “சேலைய மட்டும் எடுத்து என்ன மச்சான் செய்யப் போறீங்க? பொண்ண அனுப்ப மனசில்லயா?”

“ரெண்டு நாளு பொறுங்க மாப்பிள்ளை. அப்புறம் போதும் போதும்னு சொல்லுவீங்க.”

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, இளந்தேயிலை நட்டிருந்த சரிவில், இரண்டு கட்டைகள் ஆள் உயரத்துக்கு நின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம். நூல் கட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“அங்கன வேணாம் தம்பி” என்றார் ஜீவராஜின் அம்மா தனலெட்சுமி.

“ஏன் அத்தை?”

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, “அட்டை கடிக்கும்” என்றார்.

அட்டைக்குப் பயந்தால் மலையில் வேலை பார்க்க முடியுமா? நான் இறங்கிவிட்டேன். ஜீவராஜ் அந்தக் கட்டைகளைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுபோனது. கடைக்குப் போய் வருவதாகச் சொல்லி மேலே ஏறினான். ரெஜிபோம் பலகையை அத்தைதான் பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார்.

பிற்பகல் 3.12. முதல் படம். அரக்குச் சிவப்புச் சேலை, பச்சைத் தேயிலை. நன்றாக வந்தது.

3.20. மூன்றாவது படம். அதுவும் நன்று.

3.26க்கு மூடுபனி இறங்கியது. பனி வந்தால் இன்னும் அழகு. கெமரா ட்ரைபொட்டில் அசையாமல் இருந்தது. சேலைக்குள் நிலக்ஷி நிற்பதாக நினைத்துக்கொண்டேன். மணப்பெண்களிடம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வார்த்தை, தானாக வாயில் வந்தது.

“கிட்ட வா தங்கச்சி... இன்னும் கொஞ்சம் கிட்ட வா...”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

3.31. 3.34. 3.38. வரிசையாக எடுத்தேன். பிறகு திரையில் பார்த்தேன்.

3.31 படத்தில் சேலை கட்டைகளுக்கு நடுவே இருந்தது.

3.34 படத்தில் கட்டைகளுக்கு முன்னால் இருந்தது.

3.38 படத்தில்... கட்டைகளையே காணவில்லை. சேலை மறைத்திருந்தது.

தலை நிமிர்ந்து பார்த்தேன். சேலை தூரத்தில், கட்டிய இடத்தில்தான் தொங்கியது.

காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

3.41. இன்னொரு படம். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. நெய்த இழைகூடத் தெரிந்தது.

டப்...

நூல் அறுந்த சத்தம்.

டப்...

இரண்டாவது நூல்.

சேலை விழவில்லை.

நின்றது.

“தம்பி” என்றார் அத்தை மெதுவாக. “யாரக் கூப்பிட்டீங்க?”

“யாரையும் இல்ல...”

“கூப்பிட்டீங்க.”

அவர் பலகையைப் போட்டுவிட்டு நேராக நடந்தார். சேலையைப் பிடித்து இழுத்தார். அது உடனே வரவில்லை. இரண்டாம் முறை இழுத்ததும் சரிந்தது.

நிலத்துக்கு ஒரு சாண் மேலே கட்டிய சேலை. ஓரம் முழுக்க ஈரச் சேறு.

அத்தை அதை மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் அலசினார். நான் பக்கத்தில் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் செய்த பெரிய தப்பு, கிட்ட வா என்று சொன்னதா, பிறகு வாயை மூடிக்கொண்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. பந்தல் போட்டாகிவிட்டது, சொந்தமெல்லாம் வந்தாகிவிட்டது. படத்தில் சேலை நடந்ததென்று சொல்லி ஒரு கல்யாணத்தை எப்படி நிறுத்துவது?

வீட்டில் நிலக்ஷிக்கு முதல் மூன்று படங்களை மட்டும் காட்டினேன்.

“யாரோ கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்குண்ணே” என்று கைதட்டினாள்.

அந்தச் சேலையிலேயே அவளுக்குத் தாலி ஏறியது.

கல்யாணமாகி நாற்பத்தொன்றாம் நாள், பிற்பகல் மூன்றரைக்கு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பீலிக்குப் போன நிலக்ஷி திரும்பவில்லை. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அலுமாரியில் கூரைச்சேலையும் இல்லை. தோட்டமே திரண்டு தேடியது. அப்போதுதான் வீரய்யா என்ற பழைய தொழிலாளி அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று எனக்குச் சொன்னார்.

“இங்கன ஒரு லயம் இருந்திச்சுங்க. ஜீவராஜுக்கு மொதல்ல பேசுன புள்ள, பிரியந்தினி, இங்கதான் இருந்திச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு நாளு இருக்கயில மண்ணு சரிஞ்சிருச்சு. புள்ள கெடைக்கவேயில்ல. வாசல் இருந்த எடத்துல கட்டை நட்டு கருமாதி செஞ்சோம்.” கட்டையில் கை வைத்தார். “சேலை மாப்பிள்ள வீட்டுல இருந்ததுனால தப்பிச்சிச்சு. அதத்தான் ஒங்க தங்கச்சிக்கும் குடுத்திருக்காங்க.”

கட்டைகளுக்கு நடுவே தோண்டச் சொன்னேன். வீரய்யாவும் இன்னும் இரண்டு பேரும் தோண்டினார்கள். மண் இறுகியிருந்தது. சமீபத்தில் யாரும் தொட்ட அடையாளமில்லை. ஐந்தடியில் கூரைச்சேலை கிடைத்தது. இழைகளுக்குள் தேயிலை வேர் பின்னிக்கொண்டு ஓடியிருந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தனலெட்சுமி அத்தை போன மாசியில் காலமானார். ஜீவராஜ் கட்டாருக்குப் போய்விட்டான். கடிதமும் இல்லை, போன் கோலும் இல்லை. வீட்டில் இருப்பது நானும் அம்மாவும் மட்டும்தான்; அம்மா இன்னும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறார். நான் இப்போது அடையாள அட்டைக்கு மட்டும் படம் எடுக்கிறேன். நிலக்ஷி கிடைக்கவில்லை.