ஒஸ்லோ படகில் சரளி வரிசை

2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஒஸ்லோத் துறைமுகத்தில், சுற்றுலாப் படகின் வழிகாட்டியாக எனது சோதனை வாரத்தின் இறுதி நாள் தொடங்கியது. இலக்கிய மாணவிக்குக் கோடைகால வேலை இலகுவில் கிடைப்பதில்லை. புதிதாகச் சேரும் வழிகாட்டிகளுக்கு உதவும் என்பதால் அன்றைய நிகழ்வை எழுதுகிறேன்.

மேலாளர் ஹில்டே நொர்வேஜிய மொழியில் சுருக்கமாகச் சொன்னார்: "உனக்கு விசயம் தெரியும். ஆனால் கல்வெட்டு வாசிப்பதுபோல் பேசுகிறாய். இன்றைக்குப் பயணிகள் மகிழாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம்."

பயணிகள் நியூசிலாந்தின் மாவோரிக் கலைக்குழுவினர். இரு மேடை நிகழ்ச்சிகளுக்கு இடையே அவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு. தீவுகளைப் பார்த்தபடி இறால் சாப்பிடுவதே திட்டம். அவர்களுடைய முறைப்படி வரவேற்கும்படி எனக்கு உத்தரவு. வரவேற்பின் முடிவில் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் மெல்ல ஒற்றுவார்கள் என்று படித்திருந்தேன். கைகுலுக்குவதிலேயே சிக்கனம் பார்க்கும் எனக்கு அதுவே பெரும் கவலை.

படகில் இறால் பரிமாறும், எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த தேவன் அண்ணை அதைக் கேட்டுச் சிரித்தார். "பயப்பிடாதையும் தங்கச்சி. அம்மாட்டைச் சொல்லமாட்டன்."

வரவேற்புரையைப் பிழையின்றி முடித்து, அமரும்படி வேண்டினேன். ஒருவரும் அமரவில்லை. பயணிகள் நிற்கும்போது படகை எடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. கப்டன் எட்டிப் பார்த்தார். கரையிலிருந்த ஹில்டே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

குழுவின் பெரியவர் ரங்கி கனிவாகக் கேட்டார்: "பேச்சு நன்றாயிருந்தது, மகளே. பாட்டு எங்கே?"

அவர்களிடத்தில், பேசியவரின் தரப்பு ஒரு பாட்டுப் பாடினால்தான் பேச்சு நிறைவுறும். அந்தப் பக்கத்தையும் நான் படித்திருந்தேன். பாடத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று கருதிவிட்டேன்.

படகோட்டும் கப்டனை விட்டால் என் தரப்பில் இருந்தவர் ஒருவர்தான். "அண்ணை, நீங்கள் பாடுவீங்களோ?"

"நானோ? நான் பாடினா உவை நீந்தியே நியூசிலாந்துக்குப் போயிடுவினம். நீர் சங்கீத வகுப்புக்குப் போனனீரெல்லோ, பாடும்!"

போனது உண்மை. முதல் பாடமான சரளி வரிசையோடு நின்றதும் உண்மை. கண்களை மூடிக்கொண்டு ச ரி க ம என்று ஏறி, ச நி த ப என்று இறங்கினேன். தேவன் அண்ணை இறால் வாளியில் தாளம் போட்டார். உற்சாகம் மிகுந்து, "இரண்டாங்காலம், தங்கச்சி!" என்று கத்தினார். இரட்டை வேகத்தில் இரண்டாங்காலமும் பாடினேன்.

ரங்கி பதிலுரை சொன்னார். பிறகு குழுவினர் பாடிய பாட்டில் படகே அதிர்ந்தது. மூக்கு ஒற்றும்போது எனக்குப் பயமே தோன்றவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் முடிந்துவிட்டிருந்தது.

"உன் பாட்டுக்கு என்ன பொருள்?" என்று ரங்கி கேட்டார்.

"மேலே ஏறிப் போய், போன வழியே திரும்பி வருவது" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

"படகுக்கு ஏற்ற பாட்டு" என்று தலையசைத்து அமர்ந்தார். எல்லோரும் அமர்ந்தனர். படகு புறப்பட்டது.

மாலையில் ஹில்டே சொன்னார்: "வேலை உனக்குத்தான். நாளைய ஜெர்மன் குழுவுக்கும் பாடு. வேறு பாட்டு."

நான் கற்றது இதுதான்: பிறருடைய முறையைப் படிக்கும்போது, அதில் நமக்குரிய வேலை எது என்றும் பார்க்கவேண்டும்.

மறுநாள் காலை புருசெத் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபடி என் பழைய சங்கீத ரீச்சரைக் கைபேசியில் அழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்டேன்.

"ஓம், வாரும். முதல்ல சரளி வரிசையைப் பாடிக் காட்டும் பாப்பம்."

வேலைக்குப் போகும் கூட்டத்தின் நடுவே நின்று பாடிக் காட்டினேன்.