மிஷின் வண்டிக்கு மஞ்சள் பீடிங்

ஹார்டுவேர் கடையில் சுருள் சுருளாகத் தொங்கும் ரப்பர் பீடிங்கைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் அலுப்புத் தட்டும். கதவு விளிம்புக்கும் கார்க் கண்ணாடி ஓரத்துக்கும் மாட்டுகிற சாதாரணச் சாமான்தான். எங்கள் வீட்டில் அதற்காக ஒரு மழைக்காலமே போயிற்று.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் மிஷினோடு காலம் தள்ள வேண்டியதாகிவிட்டது. இன்வெர்ட்டர் லைன் கூடத்துக்கு மட்டும்தான் உண்டு என்பதால் மிஷின் அங்கேதான் இருந்தது. காலையும் மாலையும் அம்மா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே வருவாள். நடுவில் நின்று நின்று மூச்சு வாங்குவாள். வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும், ரோட்டில் போகிற யாரையும் விட மாட்டாள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, யார் வயலில் நடவு, யார் வீட்டில் விசேஷம், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவள் நடக்கிற பாட்டைக் காணச் சகிக்காமல், மிஷினை அவள் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு போக அப்பா ஒரு வண்டி செய்ய ஆரம்பித்தார். பழைய கடை ரேக்கின் இரும்புச் சட்டம், இரண்டு தகரத் தட்டு, உடைந்த ஆபீஸ் நாற்காலியின் சக்கரங்கள். கரண்ட் போனாலும் ஓடுவதற்குக் கீழே பேட்டரி, மேலே மிஷின். எல்லாம் சரியாக அமைந்தது. தகரத்தின் விளிம்புதான் பிளேடு மாதிரி இருந்தது. குழாய் உரசினால் அறுந்துவிடும், புடவை பட்டால் கிழிந்துவிடும்.

முதலில் சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினார். நாற்றம் குமட்டுகிறது என்று அம்மா பிடுங்கச் சொன்னாள். பிறகு வயல் மோட்டாருக்குப் போடும் பச்சை ஹோஸை நீளவாக்கில் பிளந்து மாட்டினார். "வயக்காட்டக் கொண்டாந்து வூட்டுக்குள்ள வைக்கிறீங்களா?" என்றாள். அதுவும் போயிற்று. கடைசியில் காரைக்காலுக்குப் போய்க் கறுப்பு ரப்பர் பீடிங் வாங்கி வந்தார். அன்று சனிக்கிழமை.

"சனிக்கெழமையில யாராவது இரும்புக் கடைக்குப் போயி கறுப்பா வாங்கிக்கிட்டு வருவாங்களா? திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

அப்பாவுக்கு லீவு கிடைப்பதே சனி, ஞாயிறுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை இருக்காது. திருநள்ளாற்றுக்குப் போகிற கார்களின் ஹாரன் சத்தம் வாசலில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சனீஸ்வரன் வாசல்லயே குடியிருந்துகிட்டு சனிக்கெழமைக்குப் பயந்தா நான் என்னதான் பண்றது, சொல்லு" என்றார் அப்பா. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஆபீஸ், வயல், சமையல், எனக்குத் தலை பின்னுவது, எல்லாம் அவர் ஒருத்தர்தான்.

ஆத்திரம் எனக்குத்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமை என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். "நீயே எடும்மா, எனக்கு மண்டை காயுது" என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் சாம்பல், பழுப்பு, மஞ்சள் என்று எடுத்துப் போட்டார். விளிம்பில் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும் ரகம். நான் மஞ்சளை எடுத்தேன். மங்களமான நிறத்துக்கு அம்மா எப்படிக் குறை சொல்வாள், பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போதும்மா! அப்பா பாவம்மா. நீ நடக்கக் கூடாதுன்னுதானே இவ்ளோ கஷ்டப்படுறாங்க?"

அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நீ எடுத்ததா? நல்லாத்தான் இருக்கு. அழுவாத, மாட்டச் சொல்லு" என்றாள். சனிக்கிழமையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்று சாயங்காலமே மிஷின் அம்மாவின் கட்டிலோரம் போய் நின்றது. குழாய் எங்கேயும் உரசவில்லை. மறுநாள் காலையில், பழக்க தோஷத்தில் எழுந்து சுவரைப் பிடித்தவளை, "அதான் பக்கத்துலயே வந்துடுச்சுல்ல, படுத்துக்க" என்று அப்பா ஆசையாகப் படுக்க வைத்தார். கூடத்து நாற்காலியில் துவைத்த துணிகளைப் போட ஆரம்பித்தோம்.

வண்டி முடியாத வரைக்கும்தான் எழுந்து நடக்கலாம், ஜன்னலோரம் வந்து உட்காரலாம் என்று அவள் ஒவ்வொரு பீடிங்காகத் தட்டிக் கழித்திருக்கிறாள். அப்பாவுக்கு அது எப்போது புரிந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்க மனம் வரவில்லை. எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், "எங்கம்மா இனிமே நடக்கவே வேணாம், தெரியுமா?" என்று ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.