இரண்டாவது மாலை

"தை கடைசி வெள்ளி. வீட்டு வாசலில் நிச்சயம். தாம்பூலம் மாற்றியது ராகு காலத்துக்கு முன். மாமா கொண்டுவந்த பொட்டலத்தில் மாலை இரண்டு. தான் ஒன்றுதான் சொன்னதாகச் சொல்கிறார்."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். அந்த நாளைப் பற்றிப் பிறகு என்னிடம் கேள்வி கேட்டவர்கள் பலர். மும்பையில் ஒரு விசா அதிகாரி கேட்டார். மத்திகிரியில் கிராம நிர்வாக அலுவலர் கேட்டார். கணவர் இப்போதும் எப்போதாவது கேட்கிறார். எல்லோருக்கும் இந்தப் பதிவைத்தான் சொன்னேன். அது போதவில்லை என்பதால் மிச்சத்தை நினைவிலிருந்து எழுதுகிறேன். பதிவும் நினைவும் ஒத்துப்போகாத இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தர ஆவணப் பிரிவில் இருந்தேன். ஓர் உதிரிபாகத்தின் வரைபடம் மாறினால், என்று மாறியது, யார் ஒப்புதலில் மாறியது, எதற்காக மாறியது என்று பதிந்து வைப்பது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாவட்டத்து நடுகற்களைப் பார்க்கப் போவேன். கல்லெழுத்தை வாசித்தவர்கள் எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின் முன் நிற்பேன். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர் மாட்டை மீட்டபோது யார் விழுந்தான் என்பதெல்லாம் அதில் இருக்கும். அன்று காலை அவன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இருக்காது.

என் கணவர் அமெரிக்காவிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு ஓர் இயந்திரத்தை நிறுவ வந்தவர். சில மாத வேலை ஒரு வருடத்துக்கு இழுத்தது. அவர் கொண்டுவந்த கையேட்டில் பழைய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்ததை நான்தான் சுட்டிக்காட்டினேன். எங்கள் முதல் பேச்சு அதைப் பற்றிய சண்டைதான். கேன்டீனில் களி போடும் நாளில் வரிசையில் நின்று இரண்டாவது உருண்டை கேட்கும் ஒரே வெளிநாட்டுக்காரர் அவர். வேலை முடிந்து திரும்பிப் போனபின் இரண்டு வருடம் போனிலேயே பேசினோம். பிறகு வீட்டில் சொன்னேன்.

அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பையனுக்கு அப்பா அம்மா இருக்காங்களா?"

அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குள் அவர் இருதயம் பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். காரில் மெதுவாகப் போகலாம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போகலாம், விமானம் கூடவே கூடாது.

அதனால் எந்த விசா என்பது எங்கள் வீட்டில் வெறும் விண்ணப்பக் கேள்வியாக இருக்கவில்லை. என் கல்யாணத்தை அப்பா பார்ப்பாரா மாட்டாரா என்பதே அந்தக் கேள்வி.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடையின் மாடியில் இருந்த விசா ஏஜென்டிடம் அப்பாவும் நானும் போனோம். படியேறியதில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஏஜென்ட் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"ரெண்டு வழி இருக்குது மேடம். ஒண்ணு, கல்யாணம் ஆகாம போறது. நிச்சயம் ஆனவங்களுக்குன்னே ஒரு விசா. அங்க போய் எறங்கி தொண்ணூறு நாளுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கணும். இன்னொண்ணு, இங்கயே கல்யாணத்த முடிச்சுக்கினு மனைவியா போறது. அது லேட்டாகும்."

"எவ்வளவு லேட்டு?"

"அதச் சொன்னா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன், ஜோசியம் பாக்கப் போயிருப்பேன்."

அப்பா கேட்டார். "மொதல்ல சொன்னீங்களே, அதுல இங்க ஒண்ணுமே பண்ணக் கூடாதா?"

"நிச்சயம் பண்ணுங்க சார், ஜாம் ஜாம்னு பண்ணுங்க. போட்டோ நிறைய எடுங்க. ரெண்டு குடும்பத்துக்கும் சம்மதம்னு அவங்களுக்குத் தெரியணும். தாலி மட்டும் கட்டிடாதீங்க. கட்டினா இந்த விசா போச்சு."

நான் முதல் வழியை எடுத்தேன். எங்கள் இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. போனிலேயே ஓடிய வருடங்கள் போதும் என்றிருந்தது. அப்பாவே சொன்னார், "என் ஒடம்ப நம்பி உன் நாளத் தள்ளாத." டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மாதான் குத்திக் காட்டினார். "தாலி கட்டறத போன்ல காட்டுவ இல்ல? சொல்லு, முன்னாடியே சார்ஜ் போட்டு வெச்சிக்கிறேன்."

நிச்சயத்துக்கு அவர் விடுப்பு எடுத்து வந்தார். அவருடைய அம்மாவும் கூட வந்தார். வாசலில் பந்தல் போட்டோம். எங்கள் வழக்கத்தில் நிச்சயத்தன்று பெண்ணுக்கு மட்டும்தான் மாலை. அதைத் தாய்மாமன் போட வேண்டும். மாப்பிள்ளைக்கு மாலை கல்யாணத்தன்றுதான். மாமா ஆனேக்கல்லில் இருப்பவர். வருகிற வழியில் ஓசூர் பூக்கடையில், தான் சொல்லி வைத்திருந்த மாலையை வாங்கி வந்தார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இரண்டு மாலைகள். ஒரே அளவு, ஒரே ரோஜா, நடுவில் மரிக்கொழுந்து.

"ஒண்ணுதானே சொன்னேன்?" என்று மாமா எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு கன்னடமும் தமிழுமாக அவரே சொல்லிக்கொண்டார். "ஆகலி பிடு. இருந்துட்டுப் போவட்டும்."

தாம்பூலம் மாற்றியாயிற்று. மாமா எனக்கு மாலை போட்டார். மீந்த மாலை தாம்பாளத்தில் இருந்தது. போட்டோகிராபர் அதைப் பார்த்துவிட்டார்.

"சாருக்கும் ஒண்ணு போடுங்க. அப்படியே மாத்திக்கோங்க, ஒரு ஸ்டில் எடுத்துக்கறேன். இப்ப எல்லாரும் நிச்சயத்துலயே மாத்திக்கிறாங்க."

மாற்றிக்கொண்டோம். அவருக்கு முறை தெரியாது. என் கழுத்தில் போட்ட மாலையை நேராக்கிக்கொண்டே, "சரியா?" என்று தமிழில் கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்போது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். தட்டிலிருந்த மஞ்சள் அரிசியை அள்ளி எங்கள் தலையில் போட்டார். அவர் போட்டதும் எல்லோரும் போட்டார்கள். அரிசி விழுவதைப் பார்த்த தவில்காரர் கெட்டிமேளம் தட்டிவிட்டார். நாதஸ்வரக்காரர் முழங்கையால் இடித்ததும் நிறுத்தி, "கைப் பழக்கம்ங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்தபடி நின்றார். அந்தக் கையின் கனம் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா, அந்த நேரம் தூறல் விழுந்தது என்கிறார். என் குறிப்பில் மழை இல்லை. போட்டோக்களிலும் தரை காய்ந்துதான் இருக்கிறது.

போட்டோக்கள் நிறைய வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதால் எல்லாவற்றையும் கொடுத்தோம். மாலை, அரிசி, அப்பாவின் கை எல்லாம் விண்ணப்பத்தோடு போயின.

மும்பையில் நேர்காணல் அடுத்த வருடம் ஆவணியில். வேலையை அதற்கு முன்பே ராஜினாமா செய்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினார். எங்கே சந்தித்தோம், அவருடைய அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு ஒரு போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார்.

"இதில் என்ன நடக்கிறது?"

"நிச்சயம்."

"மாலை மாற்றிக்கொள்கிறீர்கள். பெரியவர்கள் அரிசி போடுகிறார்கள். உங்கள் பக்கத்தில் கல்யாணம் என்பது இதுதானே?"

தாலி கட்டவில்லை என்றேன். தாலி இல்லாத கல்யாணங்களும் உண்டே என்றார். உண்டுதான். நானே படித்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டிய இடம் எதுவும் அதில் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது ஏதோ மழுப்பல் போலக் கேட்டது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களுக்கு இந்த விசா கிடையாது, ஆகவில்லை என்பதற்குக் கூடுதல் ஆதாரம் அனுப்புங்கள் என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தார்.

ஏஜென்ட் பதறவில்லை. "திருமணமாகாதவர்னு தாலுகா ஆபீஸ்ல சான்று குடுப்பாங்க மேடம். இ-சேவைல போட்டா விஏஓ விசாரணைக்குக் கூப்பிடுவாரு. அப்பாவ ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க. முடிஞ்சுது."

விஏஓ அலுவலகத்துக்கு அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தார். விஏஓ எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினார். என் மகளுக்கு இதுவரை எந்த முறைப்படியும் திருமணம் நடைபெறவில்லை என உறுதி கூறுகிறேன்.

"கரெக்ட்தானே அய்யா? இங்க ஒரு கையெழுத்து."

அப்பா பேனாவை வாங்கினார். தாளைப் பார்த்தார். வெளியே யாரோ பட்டா விஷயமாகக் கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, போடுங்க" என்றார் அம்மா.

"எந்த முறைப்படியும்னு போட்டிருக்குதே" என்றார் அப்பா.

"அது எல்லாத்துக்கும் அப்படித்தாங்கய்யா போடுவோம். தாலி கட்டலதானே?"

"கட்டல."

"அப்புறம் என்னா?"

அப்பா தாளிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார். "சார், நான் பாக்கப் போற கல்யாணம் அவ்ளோதான்னு அன்னிக்கு நெனச்சிக்கினேன். அரிசி போட்டேன். இப்ப அது ஒண்ணுமே இல்லன்னு கையெழுத்து போடச் சொல்றீங்க. போடறேன். பொண்ணுக்கு வேணும்னா போட்டுடறேன். ஆனா இதுல எது பொய்னு எனக்குத் தெரியல."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். விஏஓ என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னால் போட்டிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வேண்டாம்பா" என்று தாளை இழுத்துக்கொண்டேன்.

விஏஓ தலையைச் சொறிந்தார். "அப்ப மனுவ என்னான்னு முடிக்கிறது?"

"மனுதாரர் வாபஸ் வாங்கிட்டாங்கன்னு முடிச்சிடுங்க சார்."

ஆட்டோவில் ஏறும் முன்பே அமெரிக்காவுக்கு, அவருக்குப் போன் செய்தேன். அங்கே நடு இரவு. அதுவரை காத்திருந்த காலம் முழுவதும் வீண், இனி மறுபடியும் முதலிலிருந்து என்று சொன்னேன். அவர் முதலில், அப்பா கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார். அதற்குப் பிறகுதான், எப்போது வர வேண்டும் என்று கேட்டார்.

பழைய விண்ணப்பத்தைக் கைவிட்டோம். தொழிற்சாலையில் திரும்பப் போய்க் கேட்டேன். வேறு பிரிவில் இடம் கொடுத்தார்கள். வெளிநாட்டவரோடு கல்யாணத்தைப் பதிய வேண்டுமானால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் இருவர் படமும் கிருஷ்ணகிரியில் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. மாமா மட்டும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் போலீஸ் தேடற ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார்.

தாலி கட்டியது மாசியில். அதே வாசல், அதே பந்தல்காரர். இந்த முறை மாலை ஜோடியாகவே சொல்லியிருந்தோம். தவில்காரரும் அவர்தான். தட்டுவதற்கு முன் என் அப்பாவைப் பார்த்து, "இப்ப தட்டலாமா சார்?" என்று கேட்டார். அப்பா தலையசைத்தார். எழுந்து நிற்க முடியாததால் நாங்கள் அவர் நாற்காலிக்குப் போய்க் குனிந்தோம். அரிசி பெரும்பாலும் அவர் மடியிலேயே விழுந்தது.

மனைவி விசாவுக்காக நான் காத்திருந்தபோது, அடுத்த மாங்காய்ப் பருவத்தில் அப்பா இறந்தார். நான் மத்திகிரியில்தான் இருந்தேன். முதல் விசா கிடைத்திருந்தால் எங்கே இருந்திருப்பேன் என்பதை எழுத வேண்டியதில்லை. என் விசா அதற்கடுத்த கார்த்திகையில் வந்தது. அம்மா இப்போது மாமா வீட்டில் இருக்கிறார். வாரம் இரண்டு முறை பேசுகிறோம். போனில் எப்போதும் சார்ஜ் இருக்கிறது.

அந்த இரண்டாவது மாலையைப் பற்றி நான் விசாரிக்காமல் இல்லை. மாமா பூக்கடையில் கேட்டார். "ஜோடியா கட்டச் சொல்லிப் போன் வந்துச்சு, உங்க வீட்ல இருந்துதான்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர். யார் குரல் என்று அவருக்கு நினைவில்லை. தான் போன் செய்யவில்லை என்கிறார் அம்மா. போட்டோகிராபரும் அதையேதான் சொல்கிறார். அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். கிருஷ்ணகிரியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, குருபரப்பள்ளியில் காரை நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் மாங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பூக்காரன் மாலைய ஜோடியாத்தாம்மா கட்டுவான்" என்றார். ஒற்றை மாலையும் கட்டுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இளநீரைக் குடித்து முடித்து, வழுக்கையைச் சுரண்டித் தரச் சொன்னார்.

கடைக்குப் போன் செய்தது யார் என்பது இதுவரை உறுதியாகவில்லை.