மூன்று ஒன்பதைக் கவிழ்த்தவன்

ஒரு காலத்தில் என்னிடம் நாற்பத்திரண்டு லட்சம் இருந்தது. அதைக் கொண்டு ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, அவனுக்கு மெயில் போடுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் நடுவே லான்மடாவில் ஒரு இன்டர்நெட் கடைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வீடு தின்கன்ஜூனில். அங்கேயும் கடைகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் என்னிடம் கணக்கு டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். என்னைக் கண்டால் அவர்கள் மேஜைக்கடியில் ஒளிவார்கள். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு தரப்பும் நிம்மதியாக இருக்கட்டும் என்று பஸ் ஏறிவிடுவேன்.

போன இடத்திலும் விதி விடவில்லை. கடைக்காரன் என் பழைய மாணவன், பர்மியன், நான் பள்ளிக்கூட வேலையை விடுவதற்கு முன் படித்தவன். என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "சயாமா" என்றான். டீச்சரம்மாவுக்கு பர்மிய மொழியில் அதுதான் பெயர். என்னிடம் படித்தவன் பர்மியனோ தமிழனோ சீனனோ, எல்லோருக்கும் நான் சயாமாதான்.

அப்போதெல்லாம் பாதி மெயில் தளங்களுக்குத் தடை. சுற்றுவழி தேடிக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆகும். சீட்டாட்டம் மட்டும் ஒரு தடையும் இல்லாமல் திறந்துகொள்ளும். அதுவரை சயாமா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று போக்கர் ஆட்டத்தைத் திறந்து வைத்தான். "நிஜக் காசு இல்ல சயாமா, சும்மா சிப்புதான்" என்றான்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டைப் பொதுவாகத் திறப்பார்கள். இந்த ஏழு சீட்டில் யாருக்கு நல்ல கூட்டு அமைகிறதோ அவருக்குப் பணம். நடுவில் பந்தயம் ஏற்றிக்கொண்டே போகலாம். பிடிக்கவில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இருபத்து மூன்று வருஷமாக நிகழ்தகவு பாடம் நடத்தியவள் நான். அந்தப் பாடத்தால் யாருக்காவது ஏதாவது பிரயோசனம் உண்டு என்று முதல்முறையாக அன்றுதான் கண்டேன்.

சிப் தீர்ந்தால் இலவசமாக மறுபடி கொடுப்பார்கள். கைக்காசு போகாத இடத்தில் எல்லோரும் வள்ளல்தான். பிரேசிலில் யாரோ ஒருவன் கையில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளுவான். நான் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருந்து வழித்துக்கொள்வேன். என் பெயருக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒரு தடியன் படத்தை வைத்திருந்தேன். எட்டு மாதத்தில் தாடிக்காரனுக்கு நாற்பத்திரண்டு லட்சம் சேர்ந்தது.

பெருமை தாங்காமல் ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்காவும் நானும்தான் வீட்டில். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"அப்ப அதுல ஒரு லட்சம் குடு. பேட்டரி வாங்கிரலாம்."

பேட்டரி எங்கள் வீட்டு நெடுநாள் கவலை. எங்கள் தெருவில் மாலை ஆனதும் கரண்ட் போய்விடும். பிள்ளைகள் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு அல்ஜீப்ரா போடுவார்கள். ஒருத்தியின் பின்னல் நுனி கருகியே போயிற்று. பேட்டரியும் இன்வெர்டரும் வாங்க இரண்டு வருஷமாகப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பணம் சேர்த்து வந்தேன், இன்னும் கொஞ்சம்தான் குறை. அக்கா கேட்டது கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்திரண்டு லட்சத்துக்கு அதிபதி, ஒரு பேட்டரிக்கு வக்கில்லை.

திரையில் 'நிஜக் காசு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் வங்கி அட்டை எண் கேட்கும். எங்கள் ஊரில் அப்படி ஓர் அட்டையை அன்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கடையின் பின்னறையிலிருந்து ஞாயிறு மத்தியானங்களில் சீட்டுக் கலைக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் வாசல் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

மூன்று பேர். கடைக்காரன் ஒருவன். அடுத்த தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் தமிழன் ஒருவன். மூன்றாமவன் டாக்சி ஓட்டுகிறவன், அவனும் தமிழன்தான்; கணக்கில் நான் இரண்டு தடவை ஃபெயில் போட்டவன், வெற்றிலை போடாமல் அவன் வாயை நான் பார்த்ததில்லை. மூவரும் என் மாணவர்கள். திருடும்போது பிடிபட்டவர்கள்போல எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. எனக்கும் ரெண்டு சீட்டு போடுங்க" என்றேன்.

கடைக்காரன் என்னைப் பார்த்தான், மற்ற இருவரையும் பார்த்தான், பிறகு சீட்டைப் பார்த்துக்கொண்டு பர்மிய மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சயாமா, இது நிஜக் காசு."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

அடுத்த ஞாயிறு பிஸ்கட் டின்னிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். கன்னத்தில் பூசுகிற தனாக்கா மரப்பட்டையை வழக்கத்தைவிடக் கனமாக அரைத்துப் பூசினேன். முகம் சிவந்தால் வெளியே தெரியாதல்லவா. மேஜைமேல் என் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தேன். யாராவது வந்து கேட்டால் நிகழ்தகவு வகுப்பு நடக்கிறது. அது ஒன்றும் பொய்யும் இல்லை.

ஜெயித்தேன். அடுத்த வாரமும் ஜெயித்தேன். மூன்றாவது வாரம் போகும்போதே பேட்டரி எந்தக் கடையில் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன். நான் பந்தயத்தை ஏற்றினால் போதும், மூவரும் மரியாதையாகச் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். என்ன பயம், என்ன பயம். தாடிக்காரன் முகத்தைக் காட்டாமல் ஜெயித்தான், நான் முகத்தைக் காட்டியே ஜெயிக்கிறேன் என்று தலைகால் புரியவில்லை எனக்கு. வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகினேன். வயிறு சரியில்லையா என்று அக்கா கேட்டாள்.

மூன்றாவது ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் வியர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருந்தோம். என் கையில் இரண்டு ஏழு. நடுவில் திறந்து கிடந்த சீட்டுகளில் ஒரு ஒன்பது. நான் ஏற்றினேன். கடைக்காரன் முதலிலேயே விலகிவிட்டான். மசாலாக் கடைக்காரன் கவிழ்த்தான். டாக்சிக்காரன் பெருமூச்சு விட்டுக் கவிழ்த்தான். நான் பணத்தை அள்ளக் கை நீட்டியபோது கரண்ட் வந்தது. மூலையில் நின்ற ஃபேன் திடீரென்று சுழன்றது. கவிழ்த்த சீட்டுகள் எல்லாம் பறந்து மல்லாந்தன.

மசாலாக் கடைக்காரன் கவிழ்த்தது இரண்டு ராஜா. டாக்சிக்காரன் கவிழ்த்தது இரண்டு ஒன்பது. நடுவில் கிடந்ததோடு சேர்த்தால் மூன்று ஒன்பது. மூன்று ஒன்பதை வைத்துக்கொண்டு பந்தயம் ஏறியதற்குப் பயந்து விலகுகிறவன் உலகத்தில் கிடையாது. நான் ஃபெயில் போட்டவனுக்குக்கூட அவ்வளவு கணக்குத் தெரியும்.

ஃபேனை நிறுத்தினேன்.

"எத்தனை வாரமா?" என்றேன்.

கடைக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அனாடே, சயாமா" என்றான். பர்மியர்களின் அந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கும்: அடுத்தவர் மனம் நோகுமே, சங்கடப்படுவாரே என்று நாமே விட்டுக்கொடுக்கிற கூச்சம். புத்தர், தர்மம், சங்கம், தாய் தகப்பன், அப்புறம் ஆசிரியர் என்று ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் அவர்கள். "சயாமா காசை எடுத்தா நரகம்தான்" என்றான்.

டாக்சிக்காரன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். "எனக்கு ரெண்டு தடவ ஃபெயில் போட்டீங்க. அப்பக்கூட நான் உங்க காசுல கை வச்சதில்ல சயாமா. இப்ப எப்படி வைப்பேன்?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இணையத்தில் ஒருநாள் என் சிப்பில் பத்து லட்சத்தை ஈவு இரக்கமில்லாமல் சுருட்டிய பிரேசில்காரன் அந்த நிமிஷம் எனக்கு உத்தமனாகத் தெரிந்தான். அவன் என்னை ஆட்டக்காரனாக மதித்தான். பொய்க் காசில் நடந்தது நிஜ ஆட்டம். இங்கே நிஜக் காசில் பொம்மை ஆட்டம் நடந்திருக்கிறது. குழந்தையிடம் ஓட்டப்பந்தயத்தில் தோற்றுக் காட்டுவதுபோல மூன்று தடிப்பயல்களும் எனக்குத் தோற்றுக் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்றதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

மூன்று வாரம் ஜெயித்தது கைப்பையிலேயே இருந்தது, எடுத்து மேஜைமேல் வைத்தேன். "ஆளுக்கு அவரவர் பணத்தை எடுத்துக்குங்க. அடுத்த வாரம் என் டின்னுல இருக்கிற மொத்தத்தையும் கொண்டு வரேன். பேட்டரிக்கு வச்சிருக்கிற காசு. நீங்க கவிழ்க்கிற ஒவ்வொரு சீட்டையும் நான் திருப்பிப் பார்ப்பேன். நல்ல சீட்டை எவன் எனக்காகக் கவிழ்த்திருக்கானோ, அவன் ஞாயித்துக்கிழமை எங்க போறான்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவேன்."

டாக்சிக்காரன் முகம் வெளிறியது. அவன் மனைவியும் என் மாணவிதான். அவள் பாஸ்.

நாலாவது ஞாயிறு மொத்தத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பையை இறுக்கிப் பிடித்தபடி போனேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்காமல் எடுத்து வந்திருந்தேன். போனால் பிள்ளைகளுக்கு இந்த மழைக்காலமும் மெழுகுவத்திதான், அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியாது. ஆனால் போகிற காசு வலித்தால்தான் அது ஆட்டம். அவர்களுக்கு மூன்று வாரமாக வலித்திருக்கிறது, எனக்கு வலிக்கவே இல்லை.

அன்று ஆடினார்களே, அப்பப்பா. மசாலாக் கடைக்காரனுக்கு இத்தனை குறும்பு இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கடைக்காரன் ஒவ்வொரு தடவை என்னிடம் ஜெயிக்கும்போதும் முணுமுணுவென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பணத்தை எடுத்தான். நானும் சளைக்கவில்லை. டாக்சிக்காரனிடம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன்: நல்ல சீட்டு வந்தால் அவன் தாடை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போதும் அப்படித்தான், வாய் நின்றுவிடும். அதை வைத்தே அவனை நாலு தடவை மடக்கினேன்.

கடைசி ஆட்டம். எனக்கு ராணி ஜோடி. நடுவில் திறந்த ஐந்தில் ராணி இல்லை, ராணியைவிடப் பெரிய ஏஸ் ஒன்று இருந்தது. நானும் டாக்சிக்காரனும்தான் மிச்சம். என் பணத்தில் பாதி ஏற்கெனவே நடுவில் கிடந்தது. அவன் தன்னிடம் இருந்ததையெல்லாம் தள்ளினான். அவன் சீட்டைப் பார்க்க வேண்டுமானால் நான் மீதிப் பாதியையும் போட வேண்டும்.

அவன் தாடையைப் பார்த்தேன். நின்றிருந்தது.

கணக்கு, போடு என்றது. தாடை, போடாதே என்றது. இருபத்து மூன்று வருஷம் கணக்கு நடத்தியவள் அன்று தாடையை நம்பினேன். ராணிகளைக் கவிழ்த்தேன். அவன் பணத்தை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டான். தன் சீட்டைக் கட்டுக்குள் சொருகினான். விலகினவருக்குக் காட்ட வேண்டியதில்லை, அது ஆட்டத்தின் சட்டம். பிறகு நிதானமாக மெல்ல ஆரம்பித்தான். அவன் மெல்லுகிற தோரணையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நான் அவன் தாடையைப் பார்த்தது அவனுக்குத் தெரிந்திருக்குமோ?

அவனே என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது வாடகையை நீட்டினேன். வாங்கி, எண்ணிப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டான். வயிறு எரிந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலு வாரத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாதிப் பணத்துக்குப் பாதி பேட்டரி யாரும் விற்பதில்லை. பேட்டரி விலை ஏறிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். நல்லவேளையாக அது நிஜமாகவே ஏறியிருந்தது. மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் மெழுகுவத்தியில்தான் படித்தார்கள். நான் பின்னல்களுக்குக் காவல் இருந்தேன்.

மழை முடிந்து தடின்ஜூட் பௌர்ணமி வந்தது. ஊரெல்லாம் விளக்கு வைத்து, பெரியவர்கள் வீட்டுக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் போய் மண்டியிட்டு வணங்கி, உடலால், சொல்லால், மனத்தால் செய்த பிழைகளைப் பொறுத்தருளக் கேட்கிற நாள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இதை விடமாட்டார்கள். மூவரும் வந்தார்கள். கடைக்காரன் லுங்கித் துணி கொண்டு வந்தான். மசாலாக் கடைக்காரன் பழக்கூடை. டாக்சிக்காரன் ஒரு பெரிய பொட்டலத்தை என் காலடியில் வைத்தான். பிரித்தேன். மெழுகுவத்தி, பன்னிரண்டு பாக்கெட்.

"பெரிய மனசு" என்றாள் அக்கா, ஒன்றும் தெரியாமல்.

மூவரும் நெற்றி தரையில் பட வணங்கினார்கள். பிழை பொறுக்கச் சொல்லி முடித்தார்கள். இனி நான் மன்னித்து ஆசி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தலாம். நான் சொல்லவில்லை. அக்கா பழத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்து, டாக்சிக்காரன் பக்கம் குனிந்தேன்.

"மன்னிக்கணும்னா முதல்ல சொல்லு. அன்னிக்குக் கடைசி ஆட்டத்துல உன் கையில என்ன இருந்தது?"

அவன் தாடையைப் பார்த்தேன். ஆசிரியரை வணங்க வந்த நாளாயிற்றே, வாயைச் சுத்தமாகக் கொப்பளித்துவிட்டு வந்திருந்தான். அந்த முகத்தில் எனக்குப் படிக்க ஒன்றுமே இல்லை.

கூப்பிய கையை எடுக்காமல், குனிந்த தலையை நிமிர்த்தாமல், வகுப்பில் ஒருநாளும் என்னிடம் பேசாத பணிவோடு சொன்னான்.

"பாக்கணும்னா காசு போட்டிருக்கணும், சயாமா."